அறியப்படாத சாதனம்

கொட்பே ஐஸ் தொழிற்சாலையின் மாதக் கணக்கு
விடியுமுன் கொழும்புக்குப் போயாக வேண்டும்.
டைக் வீதி முழுக்க அலைவரிசை நிரம்பிக் கிடக்க
ஒன்றும் காதில் விழாமல் இருக்கிறது என் லப்டொப்.

பதினொரு திருகாணி.
பத்தை ஹோர்லிக்ஸ் மூடியில் போட்டேன்,
ஒன்றை வாயில் வைத்தேன், ஏனென்று தெரியாது.
ஜன்னல் கம்பியைத் தொட்டு
உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிடச் சொன்னவர்
மத்திய வீதி பஸ்லூன்.
"பற்றரி வயரை முதல்ல கழட்டுங்க,
மற்றதெல்லாம் பிறகு."

பழைய அட்டையின் விளிம்பில் பச்சை பூத்திருந்தது.
சைக்கிள் செயினையும் கேற்றுப் பூட்டையும்
தின்றது போதாதென்று
உப்புக்காற்று இதற்குள்ளும் வந்து போயிருக்கிறது.

இரண்டு வயர். கறுப்பொன்று, வெள்ளையொன்று.
கீல் வழியாக நுழைந்து திரையின் உச்சிவரை போகின்றன,
அவைதான் அதன் காதுகளாம்.
நுனியில் கடுகளவு பொன்வளையம்;
அமத்தினால் 'டிக்' என்று கேட்க வேண்டுமாம்.
முதலில் கேட்டது என் முழங்கை மூட்டு.
நாலாம் தரம்தான் வளையம்.

புது அட்டை, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
சாய்த்துச் செருகினால்
வாசலில் கால்வைத்த கடன்காரனைப்போல்
எழும்பி நிற்கிறது.
வாயிலிருந்த ஆணியை எடுத்துத் துடைத்து
அதால் படுக்க வைத்தேன்.

திரை விழித்தது.
மஞ்சள் முக்கோணம், நடுவில் ஒரு வியப்புக்குறி:
அறியப்படாத சாதனம்.
டிரைவர் வேண்டுமாம்.
டிரைவர் இணையத்தில் இருக்கிறதாம்.
மூதூருக்குப் போக லோஞ்ச் வேண்டும்,
லோஞ்ச் மூதூரில் நிற்கிறது.
ஃபோன் வயரும் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர்.

சைக்கிளை மிதித்துப் போனேன்,
பஸ்லூன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
குனிந்து நுழைந்து பென்டிரைவை நீட்டினேன்.
போட்டுத் தந்தார். காசு வேண்டாமாம்,
செத்த அட்டையைத் தரட்டாம்.
ஏன் என்று கேட்கவில்லை.

பத்தரை மணிக்கு மஞ்சள் முக்கோணம் போயிற்று.
ஒவ்வொருவராகத் தலைகாட்டத் தொடங்கினார்கள்:
பார்ட்லட் ஃபமிலி,
மூன்று மீன் ஹோட்டல்,
இது பொலிஸ் வான் (அந்த வீட்டில் யார் பொலிஸ்?),
விபுலன் ஹோம்.

விபுலன் ஹோம் என்பது என் வீடு.
அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது.
பழைய அட்டையோடு போய்விட்டது
தெரிந்த வீடுகளின் முழுப் பட்டியலும்.
மூன்று வருஷம் இந்தப் பெட்டிக்குத் தெரிந்திருந்தது,
எனக்குத் தெரியவில்லை.
அவன் அதற்குத்தான் சொல்லிக்கொடுத்தான்.

என் பிறந்தநாள். பிழை.
கலியாண நாள். பிழை, அதுவும் இரண்டு முறை,
தேதியை மாற்றிப் போட்டும்.
ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
லேபலைக் கரப்பான் அரித்திருந்தது.
பிறகு, கோபத்தில்தான்,
அவனுடைய பல்சர் நம்பரை அடித்தேன்.

இணைக்கப்பட்டது.

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஐஸ்கட்டிகளை
கொழும்புக்கு அனுப்பிவிட்டு
கடவுச்சொல்லை மாற்றினேன்.
வீட்டின் பெயரையும்.
எதுவென்று இங்கே எழுத மாட்டேன்.

காலையில் மதிலுக்கு மேலால் ஒரு தலை,
பக்கத்து வீட்டு டிலுக்ஷன்.
"அன்ரி, உங்கட நெட் வேலை செய்யேல்லையா?"
"உனக்கெப்பிடித் தெரியும்?"
கொஞ்ச நேரம் தலை மட்டும் தெரிந்தது, பதில் இல்லை.
"விபுலன் மாமாதான் தந்தவர்.
போகேக்க."

கேற்றடியில் ஒரு புள்ளிமான்
புது அட்டை வந்த பெட்டியை
ஏழு மொழி விளக்கத்தாளோடு சேர்த்து
நிதானமாய் மென்றுகொண்டிருந்தது.
விரட்டவா விடவா என்று பார்த்துக்கொண்டே
டிலுக்ஷனிடம் சொன்னேன்:
"சோதனை முடியட்டும், பிறகு கேள்."