எழுபத்திரண்டு

கடல் இங்கிருந்து மூன்று மணி நேரம்.
பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை.
சத்துவாச்சாரிக்கு ஐஸ் பெட்டியில் வந்திறங்கிய கணவாயை
அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்து
ஜபருல்லா பாய் சொன்னார்:
"எண்ணெய் காஞ்சதும் போடு, நூறு எண்ணு, இறக்கு.
விட்டா ரப்பர்."

ரப்பரைப் பற்றி என்னிடம் சொல்கிறார்.
ராணிப்பேட்டையில் ஆறு வருஷமாய்
ஷூவின் அடிப்பாகத்தை
வளைத்தும் இழுத்தும் பார்க்கிற வேலை எனக்கு.
விரிசல் விட்டால் சிவப்புச் சீட்டு.

தலையை இழுத்தேன், குடலோடு வந்தது.
உள்ளேயிருந்து உருவிய கண்ணாடி ஈர்க்கை
எறிய மனம் வராமல்
ஜன்னலில் வைத்தேன்.
மை தெறித்து, பேனா ஒழுகிய சட்டைப் பையாய்
பாத்திரம் கழுவும் தொட்டி.

பூண்டு. மிளகு. கறிவேப்பிலை வெடித்து அடங்கியதும்
வளையங்களைக் கொட்டினேன்.
ஒன்று, இரண்டு…
முப்பதில் பால் வெள்ளை,
ஐம்பதில் ஓரம் சுருண்டது,
எழுபத்திரண்டில் கீழ்வீட்டு தேசம்மா கத்தினாள்:
"தண்ணி வந்துடுச்சு!"

ஒன்பது நாள் கழித்து வருகிற தண்ணி.
அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்,
மீதி இருபத்தெட்டைப் படியில் எண்ணிக்கொண்டே.

ஆறு குடம்.
ஈரப் பாவாடையோடு மேலேறி வந்து
சட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன்.
கைப்பழக்கம், இரு விரலில் மாட்டி இழுத்தேன்.
பட்டென்று அறுந்தது.

கம்பெனியில் என்றால் இதற்குச் சிவப்புச் சீட்டு.
இன்னொன்று. அதுவும் அறுந்தது.
இன்னொன்று.

சோறு வைக்கவே மறந்திருக்கிறேன்.
"என்னடி அது வாசனை?"
கீழிருந்து தேசம்மா.
பதில் சொல்ல
வாய் காலியாயில்லை.