பீடிக் கணக்கு

விலக்கில் இறங்கினால் சேந்தனேரிக்கு
நாற்பது பீடி தூரம் என்றாள் சுடலைவடிவு.
ஊர் விவரம் எழுத வந்த பையனுக்குப்
பேனா நின்றது.

குளமா? அறுபது.
மடை திறந்து ஒன்பது வருசம் ஆச்சு,
உன் படத்துல இன்னும் நீலம்தான்.

கணவாய் வழியா வர்ற ஆடிக்காத்து
மேலத்தெருவுல மூணு வீட்டுக்குக்
காத்தாடி வாடகை கொடுக்கு.
எங்களுக்குப் பழைய தூசிதான்,
சொளவைப் பொத்திக்கிட்டுச் சுத்தணும்.

பஞ்சம் வந்தது எந்த வருசம்?
தெரியாது.
வீட்டுக்குள்ள இருந்த இலை போனது
தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல.
அந்த ஒன்றரைக் கிலோ
இன்னும் என் பாஸ்புக்குல கடன்.

ஆயிரத்துக்கு எண்பது கழிக்காரு கடைக்காரரு.
கழிச்ச பீடி எந்தத் திசையில போகுதுன்னு
அதையும் கொஞ்சம் வரைஞ்சிரு, தம்பி.