மூன்று நாற்பது

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
மிக்சி மூடிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
ஜைனுலாபுதீன் விரித்திருந்த தார்ப்பாயில் கிடந்தது.
பட்டை இல்லை.
கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல்.
பின்மூடியில் ஜப்பான் என்று பொடி எழுத்து.
"ஓடுதுண்ணே" என்றார்.
ஓடாததையும் அப்படித்தான் சொல்வார்.
இது ஓடியது,
ஏழு நிமிடம் முந்தி.

டவுன்ஹால் ரோட்டில்
மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்குகிறவன் நான்.
கடிகார முதுகுக்கும் அதே திருப்புளி போதும்.
இப்படித்தான் தொற்றியது.
இதோடு நாற்பத்தொன்று:
சீக்கோ ஆறு, சிட்டிசன் மூன்று, மற்றதெல்லாம் கேசியோ.
கால்குலேட்டர் வைத்த ஒன்றில்
ஏழை அமுக்கினால் ஒன்று வரும்.

எல்லாம் செத்துத்தான் வரும்.
பேட்டரி கக்கிய பச்சையை
எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து
புதுசு போட்டால்
ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி ஒன்று, மணி பன்னிரண்டு.
குவைத்தில் கட்டியிருந்தாலும் குலமங்கலத்தில் கட்டியிருந்தாலும்
எதற்கும் நேற்று கிடையாது.
இறந்தவர் சட்டையை வாங்க யோசிப்பேன்,
இதை யோசிக்காமல் வாங்கலாம்.

இது மட்டும் உயிரோடு வந்துவிட்டது.

அன்றிரவு செல்லூரில்
மூன்று நாற்பதுக்கு அடித்தது.
"எந்தச் சனியன் அது?"
தமயந்தி எழுந்து உட்கார்ந்தாள்.
ஒவ்வொரு டப்பாவாகக் காதில் வைத்துப் பார்ப்பதற்குள்
இருபது விநாடி முடிந்தது.
மறுநாளும் அடித்தது.

மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றுகிறவரா.
வாடிப்பட்டிப் பக்கம்
மும்முனைக் கரண்டுக்கு மோட்டார் போடுகிறவரா.
சஹருக்கு என்றால் வருடம் முழுக்க எதற்கு.
அந்த ஏழு நிமிடம் வேறு:
தன்னைத் தானே ஏமாற்றி எழுப்பத் தெரிந்த ஆள்.
ஜைனுலாபுதீனிடம் கேட்டேன்.
"கிலோக் கணக்குல வந்ததுண்ணே."

அணைக்க ஒரு பொத்தான் போதும்.
அணைக்கவில்லை.
தமயந்தி அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள்.
அரிசிக்கு அடியிலிருந்தும் அடித்தது,
வாய் நிறையச் சோற்றோடு கூப்பிடுவதைப் போல.

இப்போது விளக்குப் பொத்தானை அமுக்கினால்
எண்கள் வெளிறுகின்றன.
இந்த அறிகுறி எனக்குத் தெரியும்.
மிஞ்சினால் ஆடி வரை.
புது பேட்டரி அறுபது ரூபாய், மேஜையிலேயே இருக்கிறது.
போட்டால் கடிகாரம் பிழைக்கும்.
மூன்று நாற்பது போய்விடும்.

"அதான் தெரியுமே, திரும்ப வச்சிருங்க"
என்கிறான் கடைப் பையன் சோணைமுத்து.
வைக்கலாம்.
ஏழு நிமிடத்தைக்கூட முந்தி வைக்கலாம்.
ஆனால் அதற்கப்புறம் அடிப்பது
நான் வைத்த அலாரம்.
எனக்கு அந்நேரத்தில் ஒரு வேலையும் இல்லை.

பேட்டரி இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது.

நேற்று ராத்திரி விழித்தபோது
பக்கத்தில் தமயந்தி இல்லை.
அடுப்படியில் விளக்குப் போடாமல்
டப்பா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.
அடித்தது,
கமறிக் கமறி, பாதிக் குரலில்.
"இன்னும் இருக்கா?" என்றேன்.
"இருக்கு" என்றாள்.

யாரோ கிளம்பியாக வேண்டிய நேரம்.
மூடியை அழுத்தி மூடிவிட்டு
நாங்கள் இருவரும்
திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டோம்.