பச்சையாகும் முன்

சுல்மிராவிடமிருந்து வாங்கினேன்.
வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவளுக்கு.
முழங்கால் போய்விட்டது, பலகையை விற்கிறாள்.
அதற்கு முன் ஆறு வாரம்
கடை கடையாக ஏறி இறங்கியிருந்தேன்.
சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்தது ஒன்று,
சத்தமே இல்லை, பூனை.
பெல்ட் வைத்தது இன்னொன்று,
மாவு மிஷின்போல் இரையும்,
ஆனால் மேடு ஏறும்.
என் வீடு போன்ஃபிம் மேட்டில்.
பூனையை விட்டுவிட்டேன்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டேன்.
"பெட்டியில் நாற்பது என்று போட்டிருக்கும்.
நாற்பது ஓட நீங்கள் எட்டாம் வகுப்புப் பையனாக இருக்க வேண்டும்,
தெரு மேசை மாதிரி இருக்க வேண்டும்,
காற்று முதுகில் இருக்க வேண்டும்."
என் தொப்பையைப் பார்த்தாள்.
"பதினெட்டு."

பணத்தை எண்ணிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள்:
மேட்டில் குடியிருப்பவர் முழுசாகச் சார்ஜ் ஏற்றக் கூடாது.
சகுனம் பார்க்கிறவள் போலிருக்கிறது என்று
தலையாட்டி வைத்தேன்.

போர்த்தோவுக்குக் கல் பாவியவர்கள்
சக்கரத்தை நினைத்துப் பாவவில்லை.
கருங்கல் சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு கடைவாய்ப்பல்.
(பல்செட் கட்டுவது என் தொழில்,
எனக்கு எல்லாமே பல்தான்.)
முதல் நாள் இறங்கியபோது
கண்ணுக்குள் ஊரே நடுங்கியது.
ஆனையை வாங்கியாயிற்று, இனி அங்குசம்:
காற்றடைத்த டயர் நான்கு,
அவை பலகையில் உரசாமலிருக்க உயரக் கட்டை,
கட்டை வந்ததால் நீளத் திருகு,
டயர் பெருத்ததால் பெரிய பல்சக்கரம்,
பல்சக்கரத்துக்கு வேறு பெல்ட்.
என் மனைவி ஃபிலோமேனா கணக்கு வைக்கவில்லை.
வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்படி
பார்த்துக்கொண்டாள்.

ஜனவரி. ஆற்றிலிருந்து மூடுபனி
படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது.
இரவெல்லாம் மின்சாரம் குடித்த பலகை.
நூறு.
நூறைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.
இறக்கத்தின் பாதியில் பிரேக் விசையை இழுத்தேன்.
மூன்று முறை கூவியது. அவ்வளவுதான்.

இறங்கும்போது மோட்டார்
மின்சாரத்தைத் திரும்ப பேட்டரியில் ஊற்றித்தான்
வேகத்தைக் குறைக்கிறது.
ஊற்ற இடமில்லை என்றால் கையை விரித்துவிடும்.
நிறைகுடம் தளும்பாதாம்.
நிற்கவும் நிற்காது.

கீழே டிராம் தண்டவாளம் ஈரத்தில் மின்னியது.
இடப்பக்கம் யாரோ வளர்த்த காமெலியா வேலி,
சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது.
யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

வேலிக்காரர் சென்யோர் எவரிஸ்தோ
வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.
முதலில் செடியைப் பார்த்தார்.

மேல்வரிசையில் ஒரு முன்பல் பாதிதான் மிச்சம்.
பட்டறையில் நிறம் பொருத்தும் பட்டையை
முதன்முறையாக என் வாய்க்கு நேரே பிடித்தேன்.
நிறைய காபி குடிக்கிறவன் நிறம்.

இப்போது ஞாயிறு காலை பலகை சமையல் மேசைமேல்
மல்லாந்து கிடக்கும்.
பெல்ட்டை விரலால் அழுத்துவேன், சற்றே அமுங்கினால் சரி.
பேரிங்கைச் சுழற்றிக் காதில் வைப்பேன்,
மணல் பேசினால் மாற்ற வேண்டும்.
திருகுக்கு ஒரு சொட்டு நீலப் பசை.
அதிர்கிற ஊரில் எதுவும் தானாகக் கழன்றுகொள்ளும்.
பேட்டரிப் பெட்டியின் விளிம்புக்குச் சிலிக்கான்,
பட்டறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது.
மழைக்கு மறுநாள் திறந்து மோந்து பார்ப்பேன்.
ஆகஸ்டில் வெளியூர் போனால்
பாதிச் சார்ஜில் விட்டுப் போவேன்,
வெறும் வயிறும் ஆகாது அதற்கு.

போன வாரம் சுல்மிரா கேட்டிருந்தாள், இன்னும் ஓடுகிறதா?
பல்லைக் காட்டிப் படம் எடுத்து அனுப்பினேன்.
எது கட்டியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.
தொழிலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இருட்டுச் சமையலறையில் சார்ஜரின் சிவப்பு விளக்கு.
ஃபிலோமேனா முட்டைக்கு வைக்கிற மணி அடிக்கிறது.
பாதித் தூக்கத்தில் வெறுங்காலோடு போய்
பச்சையாகும் முன் பிடுங்குகிறேன்.
எண்பத்திரண்டு.