முழங்கால் உயரத்தில் ஒரு பாஸ்

இருதயராஜுக்கு நான் கொடுத்த பாஸ்களில்
பாதி சாக்கடைக்குப் போனவை.
மீதிப் பாதி
முழங்கால் உயரத்தில், சுழன்றுகொண்டு,
ஒரு நொடி முந்தியோ பிந்தியோ.
அவன் ஒருநாளும் கையை விரித்து
'இன்னாடா இது' என்று கேட்டதில்லை.
வந்ததை வாங்கிக்கொள்வான்.

பந்து உதைக்காத கால் கௌதமபுரத்தில் கிடையாது.
அங்கே போய் அவனை யார் பார்ப்பார்கள்?
ஐந்தடி மூன்றங்குலம்.
சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று
தட்டிப் பார்க்கலாம்.
டீம் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுவான்.
'சரி, இவனையும் வெச்சுக்கோ' என்பார்கள்,
காய்கறியோடு கொசுறாக விழும்
கறிவேப்பிலை மாதிரி.

காலை நாலு மணிக்கு
அல்சூர் முனையில் பால் வண்டி வரும்.
மேலே கங்காதரப்பா.
கிரேட்டாக இறக்கப் பொறுமையில்லாமல்
பாக்கெட் பாக்கெட்டாக வீசுவார்.
கீழே இவன்.
குளிர்ந்த அரை லிட்டர் மார்பில் விழும்போது
மார்பு கொஞ்சம் பின்வாங்க வேண்டும்,
விழுந்தது அதற்கே தெரியக் கூடாது.
உடைந்தால் கூலியில் பிடிப்பு.
இரண்டு வருஷத்தில் உடைந்தவை
மூன்றோ நாலோ.
இதெல்லாம் பின்னால் யோசித்துச் சொல்வது.
அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவன் மேல் எப்போதும் ஒரு பால் வாடை.

கிளப் தேர்வுக்கு மூன்று வருஷம் போனான்.
முதல் வருஷம் எடை பார்த்து அனுப்பினார்கள்.
அடுத்த வருஷம் கூப்பிடவே மறந்தார்கள்;
முதுகில் நாற்பத்தேழாம் எண்ணோடு
இருட்டும்வரை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான்.
மூன்றாம் வருஷம்
பட்டியல் ஒட்டிய சுவரில் மழை அடித்து
மை கரைந்திருந்தது.
'கரைஞ்ச பேர்ல ஒண்ணு என்னுதா இருக்கும்' என்றான்.
சிரிப்பதற்காகச் சொன்னானா என்று
இன்றுவரை தெரியாது.

அதற்கடுத்த வருஷம்
என்னைப் பார்க்க ஆள் வந்தது.
ஆமாம், என்னை.
பி டிவிஷன் ஆட்டம். தகரக் கூரைக்குக் கீழே
தொப்பி வைத்த ஒரு கேரளத்துக்காரர்,
கையில் என் பெயர் எழுதிய காகிதம்.
அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள்.
அறுபதாம் நிமிஷம்
என் வாழ்க்கையிலேயே மட்டமான பந்தை அடித்தேன்.
நாற்பது கஜம்,
பகலில் கிளம்பிய வௌவால் மாதிரித் தடுமாறி
அவன் முதுகுப் பக்கமாக.
இருதயராஜ் ஓடிக்கொண்டே,
தோளுக்கு மேலே வந்ததை
மார்பில்—

உடையவில்லை.
அவ்வளவு ஓசையில்லாமல்
ஒரு பந்து இறங்கி நான் பார்த்ததில்லை.
கோல் போட்டான், அது வேறு விஷயம்.
தொப்பிக்காரர் காகிதத்தைத் திருப்பிப்
பின்பக்கம் எழுதினார்.

இப்போது கண்டீரவா நிறைய ஜனம்
அவன் பெயரைக் கத்துகிறது, பாதியை மட்டும்.
டிவியில் வர்ணிக்கிறவனுக்கு முழுசும் வாயில் நுழையாமல்
'ராஜ், ராஜ்' என்கிறான்.
இருதயம் வெளியே நிற்கிறது.
சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
பற்பசை விளம்பரத்தில் அவன் பல்.
கோணல் பல்லை நேராக்கிவிட்டார்கள்.
கோணலாக்கியது என் முழங்கை,
அதை யாரும் கேட்பதில்லை.
அதன் அடியில்தான் என் பஸ் நிற்கும்.
டிக்கெட் கொடுக்கிறேன், சில்லறை கொடுக்கிறேன்.
கொடுக்கிற வேலை விடவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தான்.
சந்துக்குள் கார் நுழையாமல்
நடந்தே வந்தான், பின்னால் நாற்பது பையன்கள்.
மைதானத்தில் பழைய இடத்தில் போய் நின்று
'ஒண்ணு குடு குரு' என்றான்.
கொடுத்தேன்.
என்ன ஆயிற்றோ, ஒரு கல்லில்கூடப் படாமல்
மண்ணைத் தடவிக்கொண்டு
நேராக அவன் வலது காலுக்கே போனது.
அவன் மார்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான்.
பந்து இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து
சாக்கடைக்குப் போயிற்று.

பையன்கள் யாரும் சிரிக்கவில்லை.
கம்பிமேல் குப்புறப் படுத்து
தோள்வரை கையை விட்டுத் துழாவினான்,
அந்த விலையுயர்ந்த சட்டையோடு.
தலையைத் தூக்கி என்னைப் பார்த்து,
முதல் தடவையாக,
'இன்னாடா இது' என்றான்.