அரைக்கட்டை கீழே

ஹார்ப்சிகார்டு என்றால் டெம்போ செங்கோடனுக்கு
"பியானோவோட தம்பி."
நான்கு போர்வை, ஒரு ஜமக்காளம் சுற்றி
அடிவாரத்தில் கயிறு கட்டினோம்.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்தி சுருதி விலகும் என்றார் அமலோற்பவம்.
ஒன்பதாவதில் வண்டியை நிறுத்தச் சொல்லி
போர்வைக்குள் கைவிட்டு ஒரு கட்டையை அழுத்திக் கேட்டார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

நான் இரண்டாம் பேஸ்.
வேலை சேலம் எஃகு ஆலையில், குளிர் உருட்டுப் பிரிவு.
ஷிப்ட் விட்டால் அரிசிப்பாளையத்தில் ஒத்திகை.
நானூறு வருடப் பழைய பாட்டு,
லத்தீன், பாதிக்குத்தான் பொருள் தெரியும்.
என் உச்சரிப்பைத் திருத்துவதற்கு முன்
வாயிலிருக்கும் தட்டுவடையை முழுங்கச் சொல்வார்.

தன் கதையை அவர் சொன்னதில்லை.
ஆளுக்கொரு துண்டாக எங்களிடம் சேர்ந்தது:
ஒன்பது வயதில் ஒரு சாவுப் பூசையில் முதல் தனிப்பாட்டு,
இழவு வீட்டார் கையில் திணித்த இருபது ரூபாய்.
வானொலித் தேர்வுப் படிவத்தில்
கர்நாடகமா மெல்லிசையா கிராமியமா என்ற இடத்தில்
நாலாவதாக ஒரு கட்டம் தானே வரைந்து
டிக் அடித்தாராம்.
படிவம் திரும்பி வந்தது.
பிறகு ஹாலந்தில் பதினோரு குளிர்காலம்,
கோயில் கோயிலாக ஆல்ட்டோ.
நோட்டீஸில் பேர் எப்போதும் பிழை.
ஓர் ஊரில் பாதிதான் அச்சாகியிருந்தது: அமலோ.

ஏன் திரும்பினார்?
அம்மாவுக்கு முடியலை என்கிறாள் சோப்ரானோ ரெஜினாள்.
விசா என்கிறார் சவேரியார்பிச்சை.
தொண்டை என்கிறேன் நான், ஓர் ஆதாரமும் இல்லாமல்.
அவர் பாடி ஏழு வருடம்.
இப்போது கை மட்டும், குச்சிகூடக் கிடையாது.
மாவு பிசைந்து முடித்த கை மாதிரி
விரல்களை விரித்தே வைத்திருப்பார்.
மூடினால் இருபத்திரண்டு வாயும் மூடும்.

"அந்தக் காலத்துத் தாள்ல
கூட்டு, குறைன்னு எதுவும் எழுதி வைக்கலை.
எழுதாதது நம்ம பொறுப்பு" என்பார்.
பாட்டைப் பற்றித்தான் சொன்னார்.

ஆறு மணிக்கு மலைக்கோயிலுக்குள் பனி நுழைந்து
கையிலிருந்த தாளெல்லாம் அப்பளம்போல் நமுத்தது.
கூட்டம் நாற்பத்தொன்று, பங்குச் சாமியாரின் நாய் சேர்த்து.
கட்டையை அழுத்தினால்
இரண்டு ஸ்வரம் ஒன்றையொன்று வைதுகொண்டன.
அரை மணி நேரம் முறுக்கினார்.
ஒரு தந்தி அறுந்து அவர் கட்டைவிரலைக் கீறியது.
மூடியைச் சாத்தினார். அதன்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்தார்.
எங்கள் பக்கம் திரும்பி

ஒரே ஸ்வரம்.
சொல் இல்லை, வெறும் "ம்".

உருளையிலிருந்து வெளியே வரும் தகட்டை
நகத்தால் சுண்டிப் பார்ப்போம் நாங்கள்,
எங்காவது குறை இருந்தால் ஒலி காட்டிக்கொடுக்கும்.
குறை இருந்தது.
அவர் அதை மறைக்கவில்லை,
சற்று நீட்டினார்.

நாங்கள் பழகியதற்கு அரைக்கட்டை கீழே.
வேறு சுருதி கேட்க யாருக்கு வாய் வரும்?
எடுத்தோம்.
எப்போதும் உச்சியில் கிறீச்சிடும் டெனர்கள்
அன்றைக்குக் குளித்து வந்தவர்கள் போல் இருந்தார்கள்.
என் நிலைமைதான் மோசம்.
மூன்றாம் பக்கத்தில் ஒரு ஸ்வரம்
கிணற்றடியில் கிடந்தது. கயிறு போதவில்லை.
வாயை மட்டும் அசைத்தேன்.
அவர் சுண்டுவிரல் லேசாக மடங்கியதைப் பார்த்தேன்.

இறங்கும்போது ஏதோ ஒரு வளைவில் காது அடைத்துத் திறந்தது.
டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்:
டெம்போ மூவாயிரத்து எண்ணூறு, தந்தி ஒன்று,
பிளாஸ்டர், டீ இருபத்து நாலு.
தலை தூக்காமல் கேட்டார்,
"மூணாவது பக்கத்துல நீங்க பாடலை."
"எட்டலைங்க."
"தெரியும். அந்த இடம் நல்லா இருந்துச்சு."

எதிரே பஸ்.
செங்கோடன் ஹாரனை அமுக்கினார்.
"ஜி" என்றேன்.
"ஜிக்குக் கொஞ்சம் கீழே" என்று
டீக்கணக்கை அடித்துத் திருத்தினார்.