போய்ச் சேரல

செம்பனைக் குலை ஏற்றிய லோரி
என்னை முந்திக்கொண்டு போனது.
ஏற்றத்தில். ஆமாம், ஏற்றத்தில்.
பகாவ் ரயில் கேட்டைத் தாண்டி
பாதை மூச்சு வாங்கும் இடத்தில்,
பழம் உதிர உதிர, கரும்புகை விட்டு.
குலைகளின் மேல் உட்கார்ந்திருந்த பையன்
கையாட்டிவிட்டு வேறு போனான்.
நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் இஸ்வாராவில்
எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் கிடையாது.
காதுதான் முள்.
நாலாவதில் முனகும்.
மூன்றாவதுக்கு இறக்கினால் இருமும்.
இரண்டாவதில் ஊரைக் கூட்டிக்கொண்டு
நாற்பதிலேயே நிற்கும்.

ஆளுக்கொரு நோய் சொன்னார்கள்.
எடைமேடையில் என் பக்கத்து நாற்காலி ரொகாயா
பிளக் என்றாள்.
நாலும் மாற்றினேன், முப்பத்தாறு வெள்ளி.
கழற்றிய நாலும் வெளிர்த்தேநீர் நிறத்தில்
துணிமேல் கிடந்தன.
அது ஆரோக்கியத்தின் நிறமாம். பிறகு தெரிந்தது.

காற்று வடிகட்டியைத் தட்டினார் இருதயசாமி.
ஆலைக் கொதிகலன் சாம்பல்
ஒரு கைப்பிடி கொட்டியது.
'இதான்மா' என்றார்.
இதுவும் இல்லை.

ஜாக்கி போட்டுச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தோம்.
நான்கும் சும்மா சுற்றின.
பிரேக் யாரையும் பிடித்து வைக்கவில்லை.

தௌக்கே கிம் சூன் காடியை ஓட்டிக்கூடப் பார்க்காமல்
'கிளட்ச் ஹாபிஸ்' என்றார்.
நானூற்று எண்பது.
இரவு வேலைக் காசு, மகளின் பல்லுக்கு வைத்தது.

காசு கொடுத்த மறுநாள்
புண்ணியகோடி வாயைத் திறந்தார்:
கைப்பிரேக்கை இழு,
மூன்றாவதில் போடு,
கிளட்சை மெல்ல விடு.
எஞ்சின் செத்தால் கிளட்ச் உயிரோடு இருக்கு.
போன மாசமே பார்த்தேன். செத்துச்சு.
முன்னமே சொல்ல வேண்டியதுதானே என்றேன்.
நீ கேட்டியா என்றார்.
அதோடு பேச்சு நின்றது.
பதினோரு நாள்.
சோறு மட்டும் மேசைக்கு வந்து போனது.

ஞாயிறு காலை
டிராக்டர் சட்டையோடு வந்து
அவராகவே பானெட்டைத் தூக்கினார்.
என்னைப் பார்க்காமல்
ஓட்டுநர் கதவைக் காட்டினார்.
எஞ்சின் வேண்டாம் என்று விரல் ஆட்டினார்.
ஏறி உட்கார்ந்தேன்.

'மிதி.'
மிதித்தேன்.
'முழுசா மிதி.'
'முழுசாத்தான்!'
பதினோரு நாளில் என் முதல் சொல்,
எப்படி வரணுமோ அப்படித்தான் வந்தது.

பானெட்டுக்குப் பின்னால் சத்தமே இல்லை.
பிறகு, 'இறங்கி வா. நீ பாரு.'

அவர் உள்ளே போக,
டார்ச்சோடு நான் குனிந்தேன்.
கார்பரேட்டரின் தொண்டையில்
அடியில் ஒரு பித்தளைத் தகடு.
அவர் கால் தரையில் இடிக்கும் சத்தம் கேட்கிறது.
தகடு பாதி திரும்பி
அங்கேயே நிற்கிறது, வெட்கப்பட்ட மாதிரி.
மறுபடி இடி. மறுபடி பாதி.
கேபிள், துணி காயும் கொடிபோலத் தொய்ந்து,
உறையின் வாயில் இழை பிரிந்து கிடந்தது.

இத்தனை நாள் தனியாக மிதித்தேன்.
தனியாகக் குனிந்தும் பார்த்தேன்.
இரண்டையும் ஒரே நேரத்தில்
ஒரு ஆளால் செய்ய முடியாது.

அவர் இறங்கி வந்து
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
'நீ மிதிச்சது சரி.
போய்ச் சேரல.'

பழைய இரும்புக் கடையில்
கேபிள் பதினெட்டு வெள்ளி.
நானூற்று எண்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அது இருக்கிறது,
யாரும் கேட்காத புதுக் கிளட்சாக,
காலுக்குக் கொஞ்சம் கனமாக.

திங்கட்கிழமை அதே ஏற்றம்.
முன்னால் அதே லோரி, அதே கரும்புகை.
வளைவு முடிந்து நேர்ப்பாதை தெரியும்வரை
பின்னாலேயே போனேன்.
மூன்றாவது.
மிதித்தேன்.
காடிக்குக் கேட்டது.

குலைமேல் இருந்த பையன்
திரும்பிப் பார்த்தான்.
ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை கியரில்.
பதிலுக்கு ஆட்ட
எனக்குக் கை மிச்சமில்லை.